மொய் இல்லாத பாராட்டு

பள்ளிக்கூடம் விட்டு ஹோவர்ட் வீட்டுக்கு வருகிறான். சமையலறையில் முன்பின் தெரியாத மாமிசமலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீட்டிய கால்கள் பாதி அறையை அடைத்துக்கொண்டிருக்க, அந்த ஆள் கத்திமுனையால் நக அழுக்கை நோண்டிக்கொண்டிருக்கிறான். பாக்கி வசூலிக்க வந்திருக்கிறானாம். ஹோவர்டின் அப்பா கொடுக்க வேண்டிய பாக்கி. பணமல்ல, 2,000 சொற்கள். எழுத்தாளரான அந்த அப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,000 சொற்கள் எழுதி, நகராட்சி அலுவலர் ஒருவருக்கு வருஷக்கணக்காக அனுப்பி வந்திருக்கிறார். எதைப் பற்றியும் எழுதலாம், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். இந்தத் தவணை போய்ச் சேரவில்லை.

சிறார் மாயக்கதை எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1984-இல் வெளியிட்ட 'ஆர்ச்சர்ஸ் கூன்' நாவல் இப்படித் தொடங்குகிறது. எழுதிப் பிழைக்கிற எவராலும் இந்த இடத்தைச் சிரிக்காமல் தாண்ட முடியாது. எனக்கும் வாசலில் யாரோ நிற்பது போலத்தான் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இந்தக் காட்சி பிடிக்கும், ஆனால் காரணம் வேறு. அவனுக்கு அந்த ஆளின் உருவமும் கத்தியும் போதும். கெடு தவறிய எழுத்தின் கிலி அவனுக்கு எதற்கு? ஒரே பக்கம் இரண்டு விதமான வாசகருக்கு இரண்டு விதமாகப் பிடித்துப்போகிறது. ஜோன்ஸைப் பற்றிச் சக எழுத்தாளர்கள் சொல்லிவைத்திருக்கும் புகழ்மொழிகளை எடைபோட, நான் இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்குவேன்.

அந்தப் புகழ் சாதாரணமானதல்ல. நீல் கெய்மன் தன் 'தி புக்ஸ் ஆஃப் மேஜிக்'கை நான்கு பேருக்குச் சமர்ப்பித்தார், அவர்களில் ஜோன்ஸ் ஒருவர். ஜோன்ஸ் 1993-இல் வந்த 'ஹெக்ஸ்வுட்'டைக் கெய்மனுக்குச் சமர்ப்பித்தார். உலக ஃபேன்டஸி விருதுக் குழு 2007-இல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது தந்தது. ஆனால் பிரிட்டனில் சிறார் இலக்கியத்துக்குத் தலையாயதாகக் கருதப்படும் கார்னகி பதக்கம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆலன் கார்னருக்குக் கிடைத்தது, ஃபிலிப் புல்மனுக்குக் கிடைத்தது. ஜோன்ஸின் புத்தகங்கள் பரிந்துரைப் பட்டியலில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டன. 2006-இல் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவலுக்கு ஃபீனிக்ஸ் விருது வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் வெளியாகி, அப்போது பெரிய பரிசு எதுவும் பெறாமல் போன புத்தகத்துக்குத் தரும் விருது அது. பரிசுகூடப் பிராயச்சித்தமாகத்தான் வந்து சேர்ந்தது.

இத்தகையவர்களை நாம் 'எழுத்தாளர்களின் எழுத்தாளர்' என்போம். தமிழில் இது பாதி மாலை, பாதி மலர்வளையம். மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொன்னதைத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் மௌனியைப் படித்திருப்பார்கள்? அந்தப் பட்டம் ஒருவரை உயரமான பரணில் ஏற்றி வைக்கிறது. அங்கே தூசு படியும், கை எட்டாது. ஆகவே எழுத்தாளர்கள் ஒருவரைக் கொண்டாடும்போது வாசகன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பாராட்டில் கைம்மாறு எவ்வளவு? மிச்சமிருப்பதில், எழுத்தாளனுக்கு மட்டும் உதவுகிற சங்கதி எவ்வளவு?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பின்னட்டைப் பாராட்டும் முன்னுரையும் மொய் எழுதுவதைப் போல. இன்றைக்கு நான் உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தால், நாளைக்கு நீ என் வீட்டு விசேஷத்துக்கு வைப்பாய். கெய்மனும் ஜோன்ஸும் மாறி மாறிச் சமர்ப்பணம் செய்துகொண்டதை நான் அந்தக் கணக்கில்தான் எழுதுவேன். நண்பர்கள், தவறொன்றுமில்லை, ஆனால் சாட்சியத்தில் பாதிதான் செல்லும். ஜோன்ஸ் 2011 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். 2012-இல் அவருடைய மூன்று பழைய நாவல்கள் அமெரிக்காவில் புதிய முன்னுரைகளோடு மறுபதிப்பு கண்டன. 'டாக்ஸ்பாடி'க்குக் கெய்மன், 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்'குக்குக் கார்த் நிக்ஸ், 'எ டேல் ஆஃப் டைம் சிட்டி'க்கு உர்சுலா லெ குவின். செத்தவர் திருப்பி மொய் வைக்க மாட்டார். எண்பதைத் தாண்டிய லெ குவினுக்கோ யாரிடமும் எதுவும் ஆக வேண்டியதில்லை. இந்தப் பாராட்டை முழு மதிப்புக்கே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

ஜோன்ஸிடம் எழுத்தாளர்கள் வியப்பது எதை என்று தேடினால், பெரும்பாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறோம்: அவர் விளக்க மாட்டார். 1977-இல் வெளிவந்து கார்டியன் பரிசு பெற்ற 'சார்ம்ட் லைஃப்' இதற்குத் தலைசிறந்த சாட்சி. கேட் என்று செல்லப்பெயர் கொண்ட சிறுவன், அவனுடைய அக்கா குவெண்டலின். அவள் மந்திரக்காரி. அக்கா என்றால் அவனுக்கு உயிர். நீராவிப் படகு விபத்தில் பெற்றோர் மூழ்கிப்போகிறார்கள். நீச்சல் தெரியாத கேட் அக்காவைப் பிடித்துக்கொண்டு பிழைக்கிறான். அவன் வயலின் பழகுகிற சத்தம் பொறுக்காமல் அக்கா அந்த வயலினையே பூனையாக்கிவிடுகிறாள். எல்லாம் சுட்டித்தனமாக, வேடிக்கையாகப் போகிறது. நாமும் சிரிக்கிறோம்.

கடைசியில்தான் தெரிகிறது. மந்திர சக்தி அவளுடையதல்ல, தம்பியுடையது. அவனுக்கு ஒன்பது உயிர்கள். அவள் அவற்றை எடுத்துத் தன் வேலைக்குச் செலவழித்து வந்திருக்கிறாள். அந்த உயிர்கள் அட்டையில் கோத்த தீக்குச்சிகளாக இருக்கின்றன, அவற்றில் சில ஏற்கெனவே கருகியவை. அந்தப் பூனையும் அவன் உயிர்களில் ஒன்றுதான்.

திருப்பம் என்று இதைச் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். திரும்பப் படித்தால், முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் கண்முன்னால் கிடக்கிறது. ஆசிரியர் எதையும் ஒளிக்கவில்லை. கேட் தன் அக்காவைப் பார்க்கிற கண்ணால் நம்மையும் பார்க்க வைத்தார், அவ்வளவுதான். வீட்டில் யாரோ ஒருவர் நம்மைத் தேய்த்தே வாழ்கிறார், அதை நாம் பாசம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் குழந்தைக்கு இதைவிடச் சரியாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரியாது. 'உன் அக்கா கெட்டவள்' என்று ஒரு வாக்கியம் எங்கேனும் இருந்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். அந்த வாக்கியத்தை எழுதாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சக எழுத்தாளர்கள் தொப்பியைக் கழற்றுவது இங்கேதான். நியாயமான மரியாதை.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரே பலமுறை எழுதியிருக்கிறார். எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற சிற்றூர். அப்பா அம்மா கல்விக் கூட்டங்கள் நடத்தும் மையம் ஒன்றை நிர்வகித்தார்கள். வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போனது, மூன்று பெண் குழந்தைகளைக் கவனிக்க ஆளில்லை. ஆர்தர் ரான்ஸம் எழுதிய சிறார் நாவல்களின் முழு வரிசையை அப்பா வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆண்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸுக்கு ஒரு புத்தகம், அதுவும் மூவருக்கும் சேர்த்து ஒன்று. படிக்க எதுவும் இல்லாததால் மூத்தவளான டயானா நோட்டுப் புத்தகங்களில் தானே கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டினாள். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனின் வகுப்புக்குப் போனார். டோல்கீன் கரும்பலகையைப் பார்த்து முணுமுணுப்பாராம், மாணவர்கள் ஓடிவிட்டால் வகுப்பு நடத்த வேண்டாமே என்ற எண்ணம். ஜோன்ஸ் ஓடவில்லை. வாழ்க்கையைப் புத்தகத்தின் மேல் ஒட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் அந்தப் பூட்டிய அலமாரியை என்னால் மறக்க முடிவதில்லை. ஜோன்ஸின் கதைகளில் பெரியவர்கள் அரக்கர்களாக வருவது அபூர்வம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறவர்களாக வருகிறார்கள்.

எழுத்தாளர்கள் கொண்டாடும் இன்னொரு புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1996-இல் வந்த 'தி டஃப் கைட் டு ஃபேன்டஸிலேண்ட்' சுற்றுலாக் கையேட்டின் வடிவில் மாயக்கதைகளின் தேய்ந்த வழக்கங்களைக் கிண்டல் செய்வது. நாளெல்லாம் நடந்து களைத்த வீரர்கள் ராத்திரியில் எப்படி எப்போதும் இறைச்சிக் குழம்பே சாப்பிடுகிறார்கள், அது வேக எத்தனை நேரம் ஆகும் என்று யாராவது யோசித்ததுண்டா என்று கேட்கிற புத்தகம். அந்த வகையில் எழுதுகிறவர்கள் தத்தம் கைப்பிரதியில் குழம்பைத் தேடி அடித்தார்கள் என்றால் நம்புவேன். ஆனால் இது தொழிற்கூட நகைச்சுவை. மரவேலை தெரிந்தவனுக்குத்தான் உளியைப் பற்றிய ஜோக் புரியும். அவருடைய இலக்கிய இடத்தை நிர்ணயிக்க இது உதவாது.

இப்போது 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்'. ஜோன்ஸின் உச்சம் எது என்று எழுத்தாளர்களைக் கேட்டால், அடிக்கடி வரும் பதில் 1980-களின் நடுவில் வெளியான இந்த இளையோர் நாவல்தான். எனக்கும் அவர்களுக்கும் இங்கேதான் தகராறு.

பாலிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். தன் நினைவுகள் இரண்டு அடுக்காக இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். மேலடுக்கில் சாதாரண பால்யம். அடியில், பத்து வயதில் தெரியாமல் நுழைந்துவிட்ட ஒரு சாவு வீட்டில் சந்தித்த டாம் லின் என்ற செல்லோ கலைஞன், இருவரும் கடிதங்களில் சேர்ந்து கட்டிய வீரகதை, அவன் பார்சலில் அனுப்பிய புத்தகங்கள். ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல்களான 'டாம் லின்', 'தாமஸ் தி ரைமர்' இரண்டும் கதைக்கு அடித்தளம். மாய அரசி பிடித்துவைத்திருக்கும் ஆண்மகனை ஒரு பெண் மீட்க வேண்டும்.

இந்நாவலில் ஒரு காட்சி. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மாவின் சந்தேகம் தாங்க முடியாத நிலையில், பாலி அப்பாவோடு வாழப் பிரிஸ்டலுக்குப் போகிறாள். அப்பா தன்னோடு வாழும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவில்லை. சும்மா சில நாள் தங்க வருகிறாள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் நடந்துகொள்கிறாள், எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று மட்டும் கேட்கிறாள். பாலிக்குப் புரிந்துவிடுகிறது. அப்பா சொல்லப்போவதில்லை. அவள் கிளம்பிவிடுகிறாள், கையில் ரயிலுக்குப் பணமில்லாமல். தெரியாத ஊரில் நடக்கிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்பாவுக்கு வாய் வரவில்லை, அவ்வளவே. நாவலில் உள்ள மந்திரம் அத்தனையையும் எடுத்துவிட்டு இந்தச் சில பக்கங்களை மட்டும் வைத்தாலும், ஜோன்ஸைப் பெரிய எழுத்தாளர் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

எழுத்தாளர்கள் இந்நாவலில் அதிகம் சிலாகிப்பது இதையல்ல. பாலி எழுதக் கற்றுக்கொள்கிறாள் என்பதை. அவள் அனுப்பிய கதையை வெறும் மிகையுணர்ச்சிக் குப்பை என்று டாம் முகத்தில் அடித்தாற்போல் எழுதி அனுப்புகிற இடம் இருக்கிறது. எழுதுகிற யாருக்கும் அந்தத் தபால் அட்டை ஏதோ ஒரு வயதில் வந்திருக்கும். ஆக இது எழுத்தாளன் உருவாகும் கதை, டி.எஸ். எலியட்டின் 'ஃபோர் குவார்டெட்ஸ்' வரை ஆழம் போகும் கட்டுமானம். எழுத்தாளர்கள் தங்கள் முகத்தையே இதில் பார்க்கிறார்கள். கண்ணாடியை யாருக்குத்தான் பிடிக்காது?

முடிவுக்கு வருவோம். ஹாலோவீன் இரவு. டாமுக்கும் மாய அரசியின் கணவனுக்கும் போட்டி. தன்னுடையது என்று எதை டாம் பயன்படுத்தினாலும் அது அவனையே கீழே இழுக்கும் என்பது விதி. ஆகவே அவனுக்கு உதவ ஒரே வழி, அவனிடமிருந்து தன்னையும் பறித்துக்கொள்வதுதான் என்று பாலி கண்டுகொள்கிறாள். பழைய கதைப்பாடலில் பெண் இறுகப் பிடித்து மீட்பாள், இங்கே விட்டுவிட்டு மீட்கிறாள். பிரமாதமான யோசனை. ஆனால் நானூறு பக்க நாவலின் இந்த யோசனை சில பக்கங்களில், மூச்சு முட்ட, குறிப்பு எழுதுவதுபோல் நடந்து முடிகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு யார் ஜெயித்தார்கள் என்பதே தெரியவில்லை. இரண்டாம் தடவை விதி புரிந்தது. மூன்றாம் தடவைதான் துக்கம் வந்தது.

விசுவாசிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ஜோன்ஸ் வாசகனை நம்புகிறார், மறுபடி படிக்க வைக்கிறார். ஜோன்ஸே ஒருமுறை பெரியவர்களுக்கான நாவல் எழுதப் புகுந்தபோது, குழந்தைகளுக்குத் தேவைப்படாத விளக்கமெல்லாம் பெரியவர்களுக்குத் தேவைப்படுவதாகக் கேலி செய்திருக்கிறார். கேலி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சார்ம்ட் லைஃப்' நாவலை மறுபடி படிக்க வைப்பது வேறு சங்கதி. அங்கே முதல் வாசிப்பிலேயே கதை முழுசாகக் கைக்கு வருகிறது, மறுவாசிப்பு அதை ஆழமாக்குகிறது. இங்கே முதல் வாசிப்பு கைவிடுகிறது, மறுவாசிப்பு அந்தக் கடனை அடைக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் புகழ்வது விமர்சனமாகாது. அவசர முடிவு ஜோன்ஸிடம் அங்கங்கே தென்படும் குறை. காலவரிசையைக் கலைத்துப்போட்ட 'ஹெக்ஸ்வுட்'டிலும் அது உண்டு. சக எழுத்தாளர்களின் அன்பு அந்தக் குறைக்கு 'நுட்பம்' என்று பெயர் சூட்டிவிட்டது.

டாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்த ஆண், பத்து வயதுச் சிறுமியோடு தொடங்கும் நட்பு, பத்தொன்பதில் காதல். இன்றைய வாசகர் முகம் சுளிப்பார். தான் தப்பிக்க அவளை அவன் பயன்படுத்தினான் என்ற உண்மையை நாவல் மறைக்கவில்லை, பாலியும் அதை உணர்கிறாள். இருந்தும் அந்த உணர்வுக்குத் தர வேண்டிய இடத்தை முடிவின் அவசரம் தின்றுவிட்டது.

அடுத்து, எழுத்தாளர்கள் அங்கலாய்க்கும் விஷயம்: இவ்வளவு பெரிய ஆளை உலகம் ஏன் கண்டுகொள்ளவில்லை? 1990-களில் அவருடைய பல புத்தகங்கள் அச்சில் இல்லை. 1997-இல் ஹாரி பாட்டர் வந்தது. மாயப் பள்ளி, மந்திரச் சிறுவன் என்று அதே மாதிரி சரக்குக்குப் பதிப்பாளர்கள் அலைந்தபோது, ஜோன்ஸின் 'விட்ச் வீக்' 1982-லேயே எழுதப்பட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. மறுபதிப்புகள் வந்தன. 2004-இல் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' ஹயாவோ மியாசாகியின் திரைப்படமாக வந்த பிறகு, நாவலைத் தொடாதவர்களுக்கும் அதன் நாயகன் ஹவுலைத் தெரியும். தமிழ்நாட்டு இளைஞர்களில் பலருக்கும் அப்படித்தான். அந்தப் படத்தில் போர் பெரிதாகிவிட்டது. ஹவுல் உண்மையில் வேல்ஸைச் சேர்ந்த ஹவெல் ஜென்கின்ஸ், அங்கே அவனுக்குக் கறாரான அக்கா இருக்கிறாள் என்ற வேடிக்கை காணாமல் போனது.

உலகம் குருடு என்பது இந்த அங்கலாய்ப்பின் உள்ளர்த்தம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹவுல் நாவலின் அடுத்த பாகமான 'காஸில் இன் தி ஏர்' 1990-இல் வந்தது. ஹவுலையும் முதல் பாகத்தின் நாயகி சோஃபியையும் தேடி ஆசையோடு அதைத் திறக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? வெயில் காயும் தெற்கு நாட்டில் அப்துல்லா என்ற கம்பள வியாபாரி. ஹவுல் குப்பிக்குள் அடைபட்ட பூதமாகவும் சோஃபி கறுப்புப் பூனையாகவும் புத்தகத்தின் பெரும்பகுதி கூடவே வருகிறார்கள், நமக்குத்தான் தெரியாது. 'சார்ம்ட் லைஃப்'பில் தொடங்கும் கிரெஸ்டோமான்சி வரிசையிலும் இதே கதை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் புது நாயகன், முன்னும் பின்னும் தாவும் காலம். பழகிய வீட்டுக்குத் திரும்பிப் போகும் சுகம்தான் தொடர்நாவல் வாசகன் கேட்பது. ஜோன்ஸ் ஒவ்வொரு தடவையும் வீட்டை இடித்துவிட்டு வேறு கட்டினார். தன்னைத் தானே நகலெடுக்காத இந்தப் பிடிவாதத்தைச் சக எழுத்தாளர்கள் பொறாமையோடு பார்க்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. குழந்தைக்கு அது வாக்குத் தவறியதாகப் படுகிறது. இருவரும் பார்ப்பது ஒரே குணத்தைத்தான். வாசகர்கள் தவறவிட்டார்கள் என்று சொல்வதைவிட, ஜோன்ஸ் அந்தப் பேரத்துக்கு உட்காரவே இல்லை என்பதே சரி.

ஆக, என் கணக்கு இது. அவர் பெரிய எழுத்தாளர் என்பதில் சக எழுத்தாளர்கள் சொன்னது சரி. அது மொய்ப் பாராட்டுமல்ல. எந்தப் புத்தகத்தால் பெரியவர் என்பதில் அவர்கள் பிசகிவிட்டார்கள். தங்களைப் பற்றிய நாவலை முதலிடத்தில் வைத்தார்கள். 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்' பிரிஸ்டல் பக்கங்களுக்காக நிற்கும், ஆனால் கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை எழுதியிருக்க வேண்டிய புத்தகம். முதலிடம் 'சார்ம்ட் லைஃப்'புக்கு. அடுத்தது 'ஆர்ச்சர்ஸ் கூன்', எழுத்தாளன் சிரிக்கிற அதே பக்கத்தில் குழந்தையும் சிரிப்பதால். மூன்றாவது 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'.

அந்த மூன்றாவது புத்தகத்தின் தொடக்கத்தில் ஜோன்ஸ் ஒரு நன்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். தான் போயிருந்த பள்ளி ஒன்றில் ஒரு பையன், நகரும் கோட்டை என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுதச் சொல்லிக் கேட்டானாம். அவன் பெயரைக் குறித்துக்கொண்டு, தொலையாமல் இருக்கட்டும் என்று பத்திரமான இடத்தில் வைத்தாராம். அப்புறம் அந்த இடம் எது என்று அவருக்கே தெரியவில்லையாம்.